எக்ஸ்போசிதோ: ஒரு குடும்பப்பெயரைத் தேடி நான் இழந்த பதினொரு மாதங்கள்

2022 மே மாதத்தில், என் மனைவிக்கு நான்காம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஸ்பெயினின் வலென்சியாவில் உள்ள மாமனார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதிய உணவு முடிந்து காபி வந்த நேரத்தில், பிறக்கப்போகும் குழந்தைக்கு எந்தக் குடும்பப்பெயரை முதலில் வைப்பது என்ற பேச்சு எழுந்தது. என் மனைவி தன் பெயரான எக்ஸ்போசிதோவே முதலில் வரட்டும் என்றாள். எனக்கும் அதில் மறுப்பு இல்லை. ஆனால் எழுபத்திரண்டு வயதான மாமனார், கோப்பையைத் தட்டில் வைத்துவிட்டு, மருமகனாகிய என் தந்தையின் பெயரே முன்னால் இருக்கட்டும், தம் பெயர் இரண்டாவதாகப் போகட்டும், இரண்டாவது பெயரைப் பள்ளியில் யாரும் கூப்பிடுவதில்லை என்று சொன்னார். அதற்குமேல் அவர் பேசவில்லை. காரணத்தை நானே கண்டுபிடித்து, அவர் மனத்தில் இருக்கும் முள்ளை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை 1,314 யூரோவும், ஒன்பது நாள் விடுப்பும், பதினொரு மாதங்களும். யாராவது முன்பே சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப்பெயர்கள் உண்டு என்பதையும், திருமணமான பெண் தன் பெயரை மாற்றிக்கொள்வதில்லை என்பதையும் முதலில் சொல்லிவிட வேண்டும். தந்தையின் முதல் குடும்பப்பெயரும் தாயின் முதல் குடும்பப்பெயரும் சேர்ந்து குழந்தையின் இரண்டு பெயர்களாகின்றன. மக்கள் வழக்கில் நெடுங்காலமாக இருந்த இந்த முறை, 1871இல் குடிமைப் பதிவகம் தொடங்கிய பிறகும் 1889இன் குடிமைச் சட்டத்திற்குப் பிறகும் சட்டமாக இறுகியது. தந்தையின் பெயரே முதலில் வர வேண்டும் என்ற கட்டாயத்தை 1999ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தியது. 2017 முதல், பெற்றோர் தாங்களாகவே வரிசையை முடிவு செய்து எழுதித் தர வேண்டும். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் கட்டத்தில் தந்தையின் பெயரைப் போட்டுக்கொண்டு வந்த என்னைப் போன்ற தமிழர்களுக்கு இது முதலில் வேடிக்கையாகத்தான் இருக்கும். மருத்துவமனையில் என் முறை வரும்போதெல்லாம், மதுரையில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருக்கும் என் அப்பாவைத்தான் அவர்கள் உரக்கக் கூப்பிடுகிறார்கள்.

எக்ஸ்போசிதோ என்பது 'வெளியே வைக்கப்பட்ட' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெற்றோரால் வளர்க்க இயலாமல், அல்லது வளர்ப்பதாக வெளியே சொல்ல இயலாமல், தேவாலய வாசலிலோ அனாதைக் குழந்தைகள் இல்லத்திலோ விடப்பட்ட பிள்ளைகளுக்கு வைக்கப்பட்ட பெயர் அது. இல்லங்களின் சுவரில் 'தோர்னோ' என்ற சுழலும் மரப்பெட்டி இருக்கும். தெருப்பக்கம் குழந்தையை வைத்து மணியை அடித்துவிட்டுப் பெட்டியைச் சுழற்றினால், வைத்தவர் முகம் உள்ளே இருப்பவருக்குத் தெரியாமலே குழந்தை உள்ளே போய்விடும். மாட்ரிட்டின் இல்லத்திற்கு 'இன்க்லூசா' என்று பெயர். நெதர்லாந்தின் என்க்ஹுய்சன் நகரிலிருந்து கொண்டுவரப்பட்ட மாதா படம் ஒன்றின் ஊர்ப்பெயர் மக்கள் வாயில் சிதைந்து இப்படி ஆயிற்று என்பது அங்கே வழங்கும் விளக்கம். பிற்காலத்தில் இப்படிப்பட்ட எந்த இல்லத்தையும் இன்க்லூசா என்றே சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் பரவியது. இல்லத்துப் பிள்ளை வளர்ந்து மணம் முடித்துப் பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளையும் எக்ஸ்போசிதோதான். முறையாகப் பிறந்து தாய் மடியில் வளர்ந்த பேரனும் எக்ஸ்போசிதோதான். இல்லத்துப் பதிவேட்டில் ஒரு எழுத்தர் அவசரத்தில் எழுதிய சொல், நான்கு தலைமுறைக்கு வீட்டுப் பெயராகிவிடுகிறது.

இதெல்லாம் தெரிவதற்கு முன்பு நான் செய்த முதல் காரியம், இணையத்தில் குடும்பச் சின்னம் விற்கும் ஒரு கடையில் 95 யூரோ கட்டியது. எக்ஸ்போசிதோ குடும்பத்தின் கேடயச் சின்னம் என்று, சிங்கமும் மூன்று நட்சத்திரங்களும் அச்சிட்ட ஒரு சட்டகமும், 'தொன்மையான மாண்பு மிக்க குலம்' என்று தொடங்கும் ஒரு பக்கக் குறிப்பும் வந்தன. நான் அதை ஆசையோடு கொண்டுபோய்க் காட்டினேன். மாமனார் அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, கதவில்லாத வீட்டில் பிறந்தவனுக்குக் கேடயம் எதற்கு என்றார். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: ஸ்பெயினில் கேடயச் சின்னம் ஒரு குறிப்பிட்ட வம்சத்திற்கு உரியதே தவிர, ஒரு குடும்பப்பெயருக்கு உரியது அன்று. கார்சியா என்ற பெயரை மட்டும் முதல் குடும்பப்பெயராகப் பதினான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் அனைவரும் ஒரே கொடிவழி இல்லை. பெரெஸ் என்றால் ஒரு காலத்தில் பேத்ரோவின் மகன் என்றுதான் பொருள். நம் தலைப்பெழுத்தைப் போல ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறிக்கொண்டிருந்த அந்தப் பெயர், ஏதோ ஒரு தலைமுறையில் உறைந்து நின்றுவிட்டது. ஆயிரம் ஊர்களில் ஆயிரம் பேத்ரோக்கள் இருந்தார்கள் என்றால் ஆயிரம் பெரெஸ் குடும்பங்கள். எக்ஸ்போசிதோவிலோ ஒரே இல்லத்தில் ஒரே வாரத்தில் அந்தப் பெயர் பெற்ற இரண்டு குழந்தைகளுக்குக்கூட ரத்த உறவு இருக்க வேண்டியதில்லை. ஆகவே குடும்பப்பெயரை மட்டும் வைத்துச் சின்னமோ குல வரலாறோ விற்கும் எவருக்கும் ஒரு காசுகூடக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது இழப்பு பெரியது. வம்சாவளி தேடித் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திற்கு 600 யூரோ முன்பணம் அனுப்பினேன். ஏழு வாரம் கழித்துப் பதினான்கு பக்கக் கோப்பு ஒன்று வந்தது. அதில் எங்கள் குடும்பத்து ஆள் ஒருவர்கூட இல்லை. பதிலாக, இந்தப் பெயருக்குப் பின்னால் 1492இல் நாடு கடத்தப்பட்ட யூதர்களின் மறைந்த வம்சம் இருக்கக்கூடும் என்றும், அதை ஆராய மேலும் பணம் வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். 2015இல் ஸ்பெயின் நாடாளுமன்றம், அப்படி வெளியேற்றப்பட்ட செபார்திய யூதர்களின் வழித்தோன்றல்களுக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் இயற்றியபோது, எந்தெந்தக் குடும்பப்பெயர் இருந்தால் குடியுரிமை கிடைக்கும் என்று பொய்யான பட்டியல்கள் உலகெங்கும் சுற்றின. அந்தச் சட்டப்படி விண்ணப்பிக்கும் காலம் 2019 அக்டோபரில் முடிந்துவிட்டது. அதன் வாசம் மட்டும் இந்த வியாபாரிகளிடம் இன்னும் போகவில்லை. பெற்றோர் யாரென்றே தெரியாத ஒரு குழந்தைக்கு இல்லம் வைத்த பெயரிலிருந்து மதத்தையோ சாதியையோ படிக்க முடியாது என்பதை அந்த நிறுவனம் அறியாமல் இருந்திருக்க முடியாது. முன்பணம் கொடுக்குமுன் எந்தக் காப்பகத்தில், எந்த ஆண்டின் எந்தப் பதிவேட்டைத் திறப்பீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள், நான் கேட்கவில்லை.

மூன்றாவது தவறு முழுக்க என்னுடையது. மாமனாரின் பாட்டனார் 1898இல் பிறந்தவர் என்பதும், தென் ஸ்பெயினில் அந்தலூசியாவின் ஆலிவ் தோப்புகள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் வளர்ந்தவர் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வளர்ந்த ஊர்தானே பிறந்த ஊர் என்று நினைத்து, ஜூலை வெயிலில் மூன்று முறை அந்த ஊருக்கு ரயிலும் பேருந்தும் பிடித்துப் போனேன். பயணத்திற்கும் தங்குவதற்கும் 540 யூரோ ஆயிற்று. பங்குத் தந்தை பொறுமையானவர்; 1896 முதல் 1900 வரையிலான திருமுழுக்குப் பதிவேடுகளை மேசையில் எடுத்து வைத்து, என்னோடு அமர்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். அந்தப் பெயரே இல்லை. மூன்றாம் முறை, மின்விசிறியை நிறுத்திவிட்டு வெளியே வரும்போது அவர்தான் கேட்டார், அந்தப் பெரியவரை வளர்த்தவள் செவிலித்தாயாக இருப்பாளோ என்று. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இல்லங்களில் குழந்தைகளை வைத்துப் பாலூட்ட ஆள் போதாது. ஆகவே மாதக் கூலிக்குக் கிராமத்துப் பெண்களிடம் அவர்களைக் கொடுத்து அனுப்புவார்கள். இல்லங்களில் குழந்தைச் சாவு மிக அதிகம் என்பதால், கிராமத்திற்குப் போன குழந்தைக்குத்தான் பிழைக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். சில குழந்தைகள் கூலிக் காலம் முடிந்தபின் இல்லத்திற்குத் திரும்பும். சிலவற்றைச் செவிலித்தாய் விடமாட்டாள். குழந்தை வளர்ந்தது கிராமத்தில். பதிவானது இல்லம் இருந்த மாகாணத் தலைநகரில். எக்ஸ்போசிதோவோ அதை ஒத்த வேறு பெயரோ கொண்ட மூதாதையரைத் தேடுபவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொண்டால், என்னைப் போல மூன்று முறை வெயிலில் அலைய மாட்டார்கள்.

'ஒத்த வேறு பெயர்' என்று சொன்னதை விளக்க வேண்டும், ஏனென்றால் தேடத் தொடங்கிய பிறகு இந்தப் பகுதிதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. எல்லா இல்லங்களும் எக்ஸ்போசிதோ என்று எழுதவில்லை. கட்டலோனியாவில் தெயுலோஃபெயு என்ற பெயர் உண்டு. 'கடவுள் இவனைப் படைத்தார்' என்பது அதன் பொருள். ஹவானாவில் ஆயர் ஹெரோனிமோ வால்தேஸ் நிறுவிய இல்லத்துப் பிள்ளைகள் அனைவரும் அவர் பெயரையே பெற்றார்கள். 1844இல் ஸ்பானிய ஆட்சியாளர்களால் சுட்டுக் கொல்லப்பட்ட கியூபக் கவிஞர் பிளாசிதோ அப்படிப்பட்ட ஒரு வால்தேஸ்தான். மெக்சிகோ நகரில் பேராயர் லொரென்சானா 1767இல் தொடங்கிய இல்லத்துப் பிள்ளைகள் லொரென்சானா ஆனார்கள். அவர்களில் சிலர் 1800இல் கலிபோர்னியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். ஒரே விதி, நான்கு பெயர்கள். வால்தேஸும் லொரென்சானாவும் ஆயர்களின் பெயர்கள் என்பதால் காதில் கம்பீரமாக விழுகின்றன. எக்ஸ்போசிதோ மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்லி மாட்டிக்கொண்டது. நான்காம் கார்லோஸ் மன்னர் 1794இல், பெற்றோர் தெரியாத இப்பிள்ளைகளை முறையாகப் பிறந்தவர்களாகவே சட்டம் கருத வேண்டும் என்றும், அவர்களை முறைதவறிப் பிறந்தவர்கள் என்று ஏசுவோரைத் தண்டிக்க வேண்டும் என்றும் ஆணை பிறப்பித்தார். ஆணையால் பள்ளி முற்றம் மாறுவதில்லை. மாமனாரின் பள்ளியில் 1950களில் ஆசிரியர் ஒருவர் வருகைப் பதிவின்போது அந்தப் பெயரை மட்டும் சற்று நிறுத்திப் படிப்பாராம்.

நான்காவது, பதிவகம். கிராமத்திலிருந்து திரும்பியதும், அந்த மாகாணத் தலைநகரின் பதிவகத்திற்கு, 1898ஆம் ஆண்டுப் பிறப்பின் முழுப் பதிவுச் சான்றிதழ் வேண்டும் என்று என் பெயரிலேயே விண்ணப்பித்தேன். மனைவிக்கு ஏழாம் மாதம், அலைக்கழிக்க வேண்டாம் என்பது ஒரு காரணம். எல்லாம் முடிந்தபின் மாமனார் கையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்ற ஆசை, சொல்லப்போனால் வீண்பெருமை, இன்னொரு காரணம். ஒன்பது வாரம் கழித்து மறுப்பு வந்தது. தந்தை தாய் யாரென்று தெரியாத பிறப்பின் விவரம் ஸ்பானியச் சட்டத்தில் கட்டுப்படுத்தப்பட்ட தகவல். மருமகன் கேட்டால் கொடுத்துவிட மாட்டார்கள். இதே பாதுகாப்பு பெயரை மாற்றிக்கொண்டவர்களுக்கும் உண்டு. எக்ஸ்போசிதோ போன்ற பெயரைக் கைவிட்டு, தம் குடும்பத்தின் வேறொரு பெயரையோ பொதுவழக்கில் உள்ள ஒரு பெயரையோ எடுத்துக்கொள்ள 1957ஆம் ஆண்டின் பதிவகச் சட்டம் வெளிப்படையாகவே வழி செய்தது. அப்படி மாற்றிய செய்தியும் பிறருக்குத் தெரியாமல் காக்கப்பட்டது. மாமனாரின் பெரியப்பா மகன் ஒருவர் வேறு குடும்பப்பெயரோடு இருப்பது ஏன் என்று நான் இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு விடை அதுதான். அவர் மாற்றிக்கொண்டார், மாமனார் மாற்றிக்கொள்ளவில்லை. இருவரும் அதைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாகப் பேசியதில்லை. ஆகவே விண்ணப்பத்தை நேரடி வழித்தோன்றலே, முடிந்தால் பேரனோ பேத்தியோ, தம் உறவைக் காட்டும் சான்றிதழ்களோடு கொடுக்க வேண்டும். சான்றிதழ் இலவசம், அதற்குக் கட்டணம் கேட்கும் இடைத்தரகர் பக்கங்கள் இணையத்தில் முதல் வரிசையில் நிற்கும், ஏமாறாதீர்கள்.

இடையில் 79 யூரோவுக்கு மரபணுச் சோதனையும் செய்தோம். அர்ஜென்டினாவில் தூரத்து உறவினர் மூவர் இருப்பதாக அது சொன்னது. அவர்களில் ஒருவரும் பதில் எழுதவில்லை.

அக்டோபரில் மகள் பிறந்தாள். மருத்துவமனையிலேயே பிறப்பைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் 72 மணி நேரம்தான் அவகாசம். நேரில் பதிவகத்திற்குப் போவதென்றால் பத்து நாள். எங்கள் கையில் எந்தத் தாளும் இல்லை. மாமனார் தொட்டிலுக்கு அருகில் நின்றுகொண்டு மறுபடியும் அதையே சொன்னார். இரண்டு இரவு உறங்காத என் மனைவி, சரி அப்பா என்று சொல்லி, என் தந்தையின் பெயரை முதல் கட்டத்தில் எழுதிக் கையொப்பமிட்டாள். எனக்கு அப்போது வந்தது மகிழ்ச்சி இல்லை. தேர்வு முடிந்த பிறகு விடை தெரிந்த மாணவனின் எரிச்சல்கூட இல்லை, ஏனென்றால் விடையே இன்னும் தெரியவில்லை. முதல் குழந்தைக்கு எழுதிய வரிசையே அதே பெற்றோருக்குப் பின்னர் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும் என்பதையும், மகள் பதினெட்டு வயதானபின் தானே விரும்பினால் வரிசையை மாற்றக் கேட்கலாம் என்பதையும் மறுவாரம்தான் முழுமையாகப் படித்தேன். குழந்தை பிறக்குமுன் வரிசையைப் பேசி முடித்துவிடுங்கள். வலி வந்த பிறகு யாரும் நிதானமாக வாதாட முடியாது. அந்த வாரம் குழந்தையைப் பார்க்க வந்த மைத்துனன் மகள், பதினைந்து வயதுக்காரி, எஸ்தெர் எக்ஸ்போசிதோ என்ற நடிகையின் பெயர் கிடைத்தும் பின்னால் தள்ளிவிட்டீர்களே என்று குறைபட்டுக்கொண்டாள். வகுப்பில் எல்லோரும் தன்னை அந்த நடிகைக்கு உறவா என்று கேட்கிறார்களாம். மாமனார் அவளை நம்ப முடியாதவராகப் பார்த்தார். தாங்கோ பாடல் பிரியரான அவருக்கு, ஹொமேரோ எக்ஸ்போசிதோ என்ற பெரும் பாடலாசிரியர் அர்ஜென்டினாவில் இருந்தார் என்பது தெரியும். ஆனால் அது கடலுக்கு அப்பால் உள்ள பெருமை. தன் பேத்தியின் வகுப்பறையில் அந்தப் பெயர் பொறாமைக்குரிய பொருளாகிவிட்டது என்பது அவருக்குப் புதிய செய்தி.

அதற்குப் பின், டிசம்பரில், அவராகவே விண்ணப்பத்தில் கையொப்பமிட முன்வந்தார். பாட்டனாரின் பேரனே கேட்டதால் ஆறு வாரத்தில் சான்றிதழ் வந்தது. அதில் 'மாகாண இல்லத்தின் தோர்னோவில் வைக்கப்பட்டவர்' என்ற வரியும், எக்ஸ்போசிதோ எக்ஸ்போசிதோ என்று ஒரே பெயர் இருமுறையும் இருந்தன. சட்டம் இரண்டு பெயர் கேட்டது, இல்லத்திடம் ஒன்றுதான் இருந்தது. இல்லத்தின் பதிவேடுகள் எங்கே இருக்கும் என்பதற்கு விடை 1849ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டத்தில் இருக்கிறது: அதன்பின் இந்த இல்லங்கள் 'திபுத்தாசியோன்' எனப்படும் மாகாண சபைகளின் பொறுப்பில் வந்தன, ஆகவே ஏடுகளும் பெரும்பாலும் அந்தச் சபைகளின் காப்பகங்களில் இருக்கின்றன. மாட்ரிட் இன்க்லூசாவின் ஏடுகள் மட்டும் மாட்ரிட் பிரதேசக் காப்பகத்தில் உள்ளன. நூறாண்டு கடந்த ஏடுகளைப் பார்க்கப் பொதுவாகத் தடை இல்லை. முன்பதிவு செய்துவிட்டு, நுழைந்த தேதி தெரிந்தால் அதையும் சொல்லிவிட்டுப் போனால், ஏட்டை எடுத்து வைத்திருப்பார்கள். குடும்பப்பெயரைச் சொல்லித் தேடச் சொன்னால் சிரிப்பார்கள், அங்கே எல்லோருக்கும் அதே பெயர்.

ஏப்ரலில் நானும் மாமனாரும் போனோம். காப்பாளர் ஏட்டை நுரைத் தலையணையின்மேல் விரித்து வைத்தார். இரவு பதினொன்றரை மணிக்கு மணி அடித்தது என்று எழுதியிருந்தது. பிறந்து இரண்டு நாள் ஆன ஆண் குழந்தை. வெள்ளை ஃபிளானல் துணி, பழைய சட்டையிலிருந்து வெட்டித் தைத்த தொப்பி, நீல நூலில் கட்டிய புனித ரஃபாயேல் படத்தின் மேல் பாதி. கூடவே ஒரு தாள்: குழந்தைக்கு இன்னும் திருமுழுக்கு ஆகவில்லை, ரஃபாயேல் என்று பெயர் வைக்கவும், மறுபாதியோடு வருவோம். அடையாளப் பொருளை இரண்டாக வெட்டி ஒரு பாதியைக் குழந்தையோடு வைப்பது அக்கால வழக்கம் என்று காப்பாளர் சொன்னார். படம் இன்னும் அங்கேதான் இருந்தது, துருப்பிடித்த ஊசியால் அந்தப் பக்கத்தோடு குத்தப்பட்டு. கத்தரிக்கோல் ஒரே வெட்டாக வெட்டவில்லை. நடுவில் ஒருமுறை நின்று, சற்றே கோணலாக மறுபடி போயிருந்தது.

மாமனார் அந்த விளிம்பையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாராவது மறுபாதியோடு வந்தார்களா என்று அறிய ஏட்டில் இடம் இருக்கிறதா என்று கேட்டார். வலது ஓரத்தில் அதற்கென ஒரு கட்டம் இருந்தது. அதில் செவிலித்தாயின் பெயரும் ஊரும் மட்டுமே எழுதியிருந்தன. பக்கத்தின் நகல் எடுக்க அறுபது சென்ட் கேட்டார்கள். நான் பணப்பையை எடுத்தேன். அவர் என் கையைத் தடுத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து சில்லறையை எண்ணி வைத்தார்.